கத்தியும் சட்டமும்: லிவிங் ஸ்மைல் வித்யா முன்வைத்த மருத்துவக் கேள்வி

நாடகக் கலைஞரும் தலித் திருநங்கைச் செயற்பாட்டாளருமான லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான், வித்யா’ 2007இல் வெளிவந்தது. கண்கலங்க வாசித்துவிட்டு அதை மூடிவைப்போர் பலர். அந்நூலை மருத்துவ உரிமை குறித்த ஆவணமாகவும் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வித்யா தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை பயின்றவர். அக்கல்வி அவருக்கு வேலை பெற்றுத் தரவில்லை. பூனாவில் கடை கேட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கடப்பாவில் போதிய மருத்துவக் கவனிப்பு ஏதுமின்றி அறுவை செய்துகொள்ள நேர்ந்ததை நூலில் அவரே எழுதியுள்ளார். பின்னர் மதுரையில் அலுவலகப் பணியில் சேர்ந்தார். முருகபூபதியின் மணல்மகுடி நாடகக் குழுவில் நடித்தார். 2013இல் உதவித்தொகை பெற்று இலண்டனில் நாடகப் பயிற்சி மேற்கொண்டார். மறு ஆண்டில் தோழர்களுடன் ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கினார். அவருடைய நூலைத் தழுவிய கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. அசல் வாழ்க்கைக்கு உரியவரோ பின்னாளில் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கோரினார்.

ஓர் அறுவை சிகிச்சை ஏன் ஒளித்துச் செய்யப்பட வேண்டியதாயிற்று? இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு கொடுங்காயங்களைப் பட்டியலிட்டது. அதன் முதல் இனமே ஆண்மை நீக்கம். நோயாளியின் நன்மைக்காக, அவர் இசைவுடன், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிகிச்சை குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 88ஆம் பிரிவு கூறியது. அப்பாதுகாப்பு இருந்தும், வழக்குக்கு அஞ்சிய மருத்துவர்கள் ஒதுங்கி நின்றனர். அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் தகுதியற்றவர்களும் பணம் பறிப்பவர்களும். ஆகவே முறையான சிகிச்சையை அரசே தர வேண்டும் என வித்யா கோரியதை, சலுகைக்கான வேண்டுகோளாக நாங்கள் கருதவில்லை. உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பிலேயே அக்கோரிக்கைக்கு இடமுண்டு.

தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் இலவச அறுவைக்கும் வழி திறந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலின அடையாளத்தை ஏற்க அறுவையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றது. அறுவை வேண்டுவோர்க்குத் தரமான சிகிச்சை, வேண்டாதோர்க்குக் கட்டாயமின்மை: இவ்விரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள். 2019இல் நம் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தின்படி மணமகளே என்று அறிவித்தார். அதே தீர்ப்பில், இடைப்பால் குழந்தைகளின் உடலை ‘சரிசெய்யும்’ அறுவைகளைத் தடுக்கவும் அவர் உத்தரவிட்டார். அவ்வாண்டே அரசாணை வந்தது. இத்தீர்ப்பைத் திருமணச் செய்தியாக மட்டும் கொண்டாடியவர்கள் பாதியைத்தான் வாசித்தார்கள்.

இதில் சாதி எங்கே வருகிறது? திருநர் வெறுப்பைப் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமாகவே வித்யா விளக்கினார். பிறப்பின் பெயரால் ஒருவருக்கு இழிதொழிலை விதித்து, அதிலிருந்து வெளியேற விடாமல் தடுக்கும் ஏற்பாட்டைத் தலித்துகள் நன்கறிவார்கள். கடை கேட்பதும் பாலியல் தொழிலும் தவிர வேறு வாசல் திருநங்கையர்க்குத் திறக்கப்படாததும் அவ்வேற்பாடுதான். நால்சா தீர்ப்போ திருநர் அனைவரையும் பிற்படுத்தப்பட்டோராகக் கருதச் சொன்னது. தலித் திருநங்கையின் பட்டியல் சாதி உரிமை அங்கே கரைந்துபோகும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளும் திருநர்க்குக் கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை இதனால் எழுந்தது.

2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், 15ஆம் பிரிவில், அறுவை, இயக்குநீர் சிகிச்சை, முன்னும் பின்னும் உளவியல் ஆலோசனை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அரசின் கடமைகளாக எழுதிவைத்தது. பரவையிலிருந்து நகரப் பேருந்து ஏறினால் அரசு இராசாசி மருத்துவமனையை அடைந்துவிடலாம். இச்சிகிச்சைகளில் அங்கு எவை நடக்கின்றன, ஆண்டுக்கு எத்தனை பேருக்கு, காத்திருக்கும் காலம் எவ்வளவு? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் மருத்துவமனை பதில் தந்தாக வேண்டும்.