கடலுக்குள் ஒரு மதில்

பவழத்தை அறியாத பெண்மணி நம் நாட்டில் உண்டா? பாட்டியின் கழுத்தில் கிடந்த பவழ மாலை, ஜோசியர் சொன்னதற்காகச் செய்து போட்ட பவழ மோதிரம் என்று ஏதாவது ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிவப்புப் பவழம் நம் கடலில் விளைந்தது அல்ல. அதன் பிறந்தகம் எங்கோ தொலைவில் உள்ள மத்தியதரைக் கடல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யவனர்கள் அதைக் கப்பலில் கொண்டு வந்து சேர நாட்டுத் துறைமுகங்களில் இறக்கிவிட்டு, மிளகும் முத்தும் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

நமக்கென்று சொந்தப் பவழமும் உண்டு. எந்த நகைக் கடைக்காரரும் அதைத் தராசில் வைக்க மாட்டார். ஆனால் அது செய்யும் காரியத்துக்கு விலை மதிப்பே கிடையாது.

ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. குருசடைத் தீவு, முயல் தீவு, வான் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இத்தீவுகளைச் சுற்றித்தான் நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் பவழப் பாறைகள் வளர்ந்து நிற்கின்றன. பவழத்தில் மட்டும் 117 வகைகளை அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள்!

“பாறை எப்படி ஐயா வளரும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உண்மையில் அது பாறை அல்ல. கோடானு கோடி ஜீவன்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. ஒவ்வொரு ஜீவனும் சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மெத்தென்ற உடம்பு, உச்சியில் ஒரு வாய், வாயைச் சுற்றிச் சின்னஞ்சிறு கைகள். கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக் கொள்கிறது. அதன் சந்ததிகள் அதன்மேல் கட்டுகின்றன. உருண்டையாக வளரும் பவழங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஓர் ஆள் உயரம் எழும்ப எத்தனை தலைமுறை ஆகும் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன வீட்டில் ஒரு குடித்தனக்காரரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி பவழத்தின் உடம்புக்குள்ளேயே குடியிருக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு அது உணவு சமைத்து, அதில் பெரும் பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்து விடுகிறது. பவழத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியினால் வருவதுதான். இப்படி ஒற்றுமையாக நடக்கும் குடித்தனம் நம் பட்டணங்களில் அபூர்வம் அல்லவா?

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? உலகத்துக் கடல் தரையில் பவழப் பாறைகள் நூற்றுக்கு ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் கடல் வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவற்றை நம்பி வாழ்கிறது. மீன் முட்டையிட, குஞ்சு வளர, பெரிய மீனுக்குத் தப்பி ஒளிந்து கொள்ள எல்லாவற்றுக்கும் அந்த இண்டு இடுக்குகள்தான் இடம். பார் அழிந்தால் கரைவலைக்காரரின் கூடை காலியாகும். சந்தையில் மீன் விலை ஏறும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஓங்கி வரும் அலை, கரைக்கு வருமுன் பவழப் பாரில் மோதித் தன் சக்தியில் பெரும் பகுதியை இழந்து விடுகிறது. ஊருக்குக் கோட்டைச் சுவர் போல, கரைக்கு இது மதில்.

அப்படிப்பட்ட மதிலை நாம் என்ன செய்தோம் தெரியுமா? இடித்து விற்றோம்! 1960-களிலும் அதற்குப் பின்னும் வள்ளம் வள்ளமாகப் பவழக் கல்லைப் பெயர்த்துக் கரை சேர்த்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது கொஞ்சம். கட்டடத்துக்குப் போனது கொஞ்சம். தொழிற்சாலைக்குப் போனது கொஞ்சம். பல நூற்றாண்டுகள் வளர்ந்தது சில பத்தாண்டுகளில் வெள்ளையடித்த சுவராயிற்று. சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாரில் 32 சதுர கிலோமீட்டர் பாழாகி விட்டது.

கடல் சும்மா இருக்குமா? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிப் போயின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் அரித்து அரித்துப் பெரும் பகுதியை இழந்து விட்டது.

அண்டையிலுள்ள இலங்கையின் தென்மேற்குக் கரையில் இதைவிடக் கொடிய பாடம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் சேதம் குறைவு. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரலியாவில் அலை உயர்ந்து எழுந்து ஊருக்குள் வெகுதூரம் பாய்ந்தது. அங்கே நின்ற ரயிலோடு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வாரிக் கொண்டு போயிற்று. அந்தப் பகுதியில் பவழத்தை வெட்டி எடுத்திருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

நல்ல வேளையாக நம் பக்கத்தில் விழிப்பு வந்தது. 1986-ம் ஆண்டில் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001-ம் ஆண்டில் பாறை கட்டும் பவழங்களுக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கல் வெட்டுவது நின்றது. வான் தீவைச் சுற்றி, துளையிட்ட பெரிய சிமெண்டுக் கூடுகளைத் தமிழ்நாடு அரசாங்கம் கடலில் இறக்கி அரிப்பைத் தடுத்திருக்கிறது. அந்தக் கூடுகளில் மீன்களும் பவழங்களும் குடியேறி வருகின்றன. சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டினோம். இப்போது சிமெண்டைக் கொண்டு போய்க் கடலில் போடுகிறோம்!

ஆனால் கடப்பாரைக்காரனைத் தடுத்த சட்டத்தால் தடுக்க முடியாத எதிரி ஒன்று வந்திருக்கிறது. அதன் பெயர் உஷ்ணம். நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் விடும் புகையினால் பூமி சூடேறுகிறது, கடலும் சூடேறுகிறது. கோடைக்கு வழக்கமான சூட்டை விட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். குடித்தனக்காரப் பாசி வெளியேறி விடும். வீட்டில் அடுப்பு எரியாது, நிறமும் போய்விடும். பவழம் வெளுத்து, எலும்பு போல் நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பவழம் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் வளைகுடாவில் பவழம் இப்படி வெளுத்தது. 2016-ல் மட்டும், பாரில் உயிருள்ள பவழத்தின் பங்கு நூற்றுக்கு 39-லிருந்து 23-ஆகக் குறைந்தது. உலகம் முழுவதுமே நான்காம் முறையாகப் பவழங்கள் வெளுத்து வருவதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இத்தனை பெரிய விஷயத்தில் சாதாரண மனிதர்களால் என்ன ஆகும் என்று மலைக்க வேண்டாம். பாம்பன் பகுதியில் கடலில் மூழ்கிப் பாசி பறித்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக் கொண்டு, மூச்சைப் பிடித்துக் கொண்டு செய்யும் வேலை. பாரைச் சுரண்டினால் நாளைய பிழைப்புப் போய்விடும் என்று உணர்ந்து, இத்தனை நாள்தான் பறிப்பது, இரும்புத் தகட்டால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக் கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ம் ஆண்டில் ‘ஸீகாலஜி’ என்ற அமெரிக்க ஸ்தாபனம் பரிசளித்துக் கௌரவித்தது.

நம்மாலும் ஆகக் கூடியது உண்டு. கடற்கரை ஊர்களுக்கு யாத்திரை போகும்போது, வெள்ளை வெளேரென்று பூங்கொத்துப் போல ஒரு கல்லை யாராவது காட்டி, “அலமாரியில் வையுங்கள் அம்மா, அழகாயிருக்கும்” என்று விலை பேசினால், வாங்காதீர்கள். அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். தவிர, அது பூ அல்ல, இறந்த பவழத்தின் எலும்பு. அலமாரியில் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கலாம். அலையைத் தடுக்க அதனால் ஆகாது.