உங்களுக்குத் தெரியுமா? ஆணியில்லாத ஷூவிலும் அசத்தலாம்!
2010 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் முதல் நாள். 50 வயது ஃப்ரெட் கப்பிள்ஸ் காலுறைகூடப் போடாமல், அடியில் ஆணியே இல்லாத எக்கோ ஷூவில் அகஸ்டா மைதானத்தை வலம்வந்தார். 66 அடிகளில் சுற்றை முடித்து முன்னிலை பெற்றார்!

அந்தக் காலத்து உலோக ஆணிகள் புல்தரையைக் குத்திக் கிழித்தன. 1990-களில் பிளாஸ்டிக் முனைகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஈரப் புல்லிலும் சரிவிலும் இவை நன்றாகப் பிடிக்கும். காய்ந்த தரைக்கு ரப்பர் குமிழ்கள் கொண்ட அடிப்பாகமே போதும்.

18 குழிகளையும் நடந்தே ஆடினால் சுமார் 8 முதல் 10 கி.மீ. ஆகிவிடும். அதனால், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஆட்டத்துக்கான காலுறையோடு ஷூவைப் போட்டுப் பார்ப்பது நல்லது. விரல்களை அசைக்க இடம் வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கும்போது ஷூ எளிதில் வளைந்துகொடுத்தால், மட்டையை வீசும் நேரத்தில் பாதம் ஆட்டம் காணும்.