குடிநோய் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? பாலிசியில் இருக்கும் அந்த 12-ம் நம்பர் விதி!

ஆபீஸில் கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டு கையில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் கவரேஜ். அந்த தைரியத்தில்தான் பலர் அப்பாவையோ அண்ணனையோ டி-அடிக்‌ஷன் வார்டில் சேர்க்கக் கூட்டிப் போகிறார்கள். ஆனால், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'இதுக்கெல்லாம் கவர் ஆகாதுங்க' என்பதுதான்.

ஏன் ஆகாது? பாலிசி ஆவணத்தில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பகுதிக்குப் போய் 12-ம் நம்பர் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். குடிநோய், போதைப்பொருள் பழக்கம், வேறு எந்த அடிமைத்தனமாக இருந்தாலும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்கிறது அந்த விதி. அதோடு நிற்கவில்லை. அந்தப் பழக்கத்தால் வரும் பின்விளைவுகளுக்கும் கிடையாதாம். குடியால் கல்லீரல் கெட்டுப்போனால், அந்த க்ளெய்மும் சிக்கலாவது இதனால்தான். இது ஏதோ ஒரு கம்பெனி தனியாக எழுதிக்கொண்டதல்ல. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல் வகுத்த பொதுவான வாசகம். சாமானியர்களுக்கான 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியிலும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் முரண்பாடு. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு எப்படி இன்சூரன்ஸ் தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தில் மனநோய்க்கான விளக்கத்தைப் படித்தால், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அதற்குள் வருகின்றன. இந்தச் சட்டப்படி நடக்கும்படி 2018-லும் 2022-லும் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டதும் இதே ஐ.ஆர்.டி.ஏ.ஐ-தான்! மனநோய்க்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. ஆனால், அது அடிமைத்தனம் பற்றிய வழக்கு அல்ல. 12-ம் நம்பர் விதி அப்படியே தொடர்ந்தது.

புதிய சிகிச்சைகள் வந்துவிட்டனவே?

வந்துவிட்டன. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. இவற்றை வீட்டில் இருந்தபடியே மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். நம்மூர் பாலிசிகளோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். ஆக, 12-ம் நம்பர் விதியை நாளைக்கே நீக்கினாலும் மாத்திரைச் செலவு பெரும்பாலும் நம் பாக்கெட்டிலிருந்துதான்.

மண்டையின் மேல் காந்தத் துடிப்புகளைச் செலுத்தும் ஆர்.டி.எம்.எஸ் சிகிச்சைக்கும் இதே கதிதான். புகைப்பழக்கத்தை விடுவதற்கு இந்த வகைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2020-ல் அனுமதி கொடுத்தது. பல நாள் வந்து வந்து எடுத்துக்கொள்ளும் சிகிச்சை, அட்மிஷன் தேவையில்லை. இன்சூரன்ஸில் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ சொன்ன 12 நவீன சிகிச்சைகளின் பட்டியலிலும் ஆர்.டி.எம்.எஸ் இல்லை.

2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அட்மிட் ஆகி சிகிச்சை பெறுபவர் 180-ல் ஒருவர். செலவு மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்ற பயமும் உண்டு. ஆனால், பயத்தைத் தாண்டி வருபவரையும் கையில் பில்லைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம்?

சரி, என்ன செய்யலாம்?

முதலில், பாலிசி எடுக்கும்போது குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். அப்படி மறைத்த ஒருவரின் க்ளெய்மை எல்.ஐ.சி நிராகரித்தது சரிதான் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆபீஸ் குரூப் பாலிசி என்றால் ஹெச்.ஆரிடம் முழு ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். குரூப் பாலிசியில் விதிகளைத் தளர்த்திப் பேச கம்பெனிகளுக்கு இடம் உண்டு.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மனுவில் 2017 சட்டத்தின் 21(4) பிரிவைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.

சிகிச்சையை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலேயே பேசலாம்.