கொடுக்கில்லாத குளவி

காய்ந்த சருகுகளுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு உயிர் விறுவிறுவென ஓடுகிறது. சிவந்த முன்னுடல், கறுத்த வயிறு, அதில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள். விவரம் தெரிந்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். அது நின்றால், கால்களை எண்ணிப் பார்க்கலாம். எட்டு!

இந்தியாவிலும் இலங்கையிலும் தரையில் வாழும் இந்தச் சிலந்தியின் அறிவியல் பெயர் சீனாப்டிகஸ் புல்கர். பிரெஞ்சுச் சிலந்தியியலாளர் யூஜின் சிமோன் 1885-இல் இதை விவரித்தார். இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. ஓடித்தான் இரை பிடிக்கும்.

இது போடும் வேஷம் 'வெல்வெட் எறும்பு'. பெயரில்தான் எறும்பு, உண்மையில் அது குளவி. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட நீளமான கொடுக்கும், எளிதில் நசுங்காத ஓடும் உண்டு. தரையில் கூடு கட்டும் தேனீக்கள், குளவிகளின் கூட்டுக்குள் நுழைந்து அவற்றின் புழுக்கள்மீது முட்டையிடும். ஒருமுறை கொட்டு வாங்கிய பல்லியோ பறவையோ அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். அந்தப் பயத்தில்தான் சிலந்தியின் பிழைப்பு ஓடுகிறது. 1862-இல் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து ஹென்றி வால்டர் பேட்ஸ் விளக்கிய போலித்தோற்றம் இதுதான்.

நிஜ எறும்பு வேஷத்தைவிட இந்தக் குளவி வேஷம் சுலபம் என்றே தோன்றுகிறது. எறும்பாக நடிக்கும் சிலந்தி உடலையே செதுக்கியாக வேண்டும். நம் ஊர் மரங்களில் முசுறு எறும்புகளுக்கு அருகே திரியும் குதிக்கும் சிலந்தியைப் பாருங்கள்: இரண்டு பகுதி உடல் மூன்றாகத் தெரியும்படி முன்னுடலின் நடுவே ஓர் இடுக்கு, முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்புபோல ஓயாமல் ஆட்டும் நடிப்பு. வெல்வெட் எறும்போ கொஞ்சம் குண்டு, தனியாகவே அலையும். அதற்கு நிறமும் புள்ளியும் ஓட்டமும் போதும்.

வேஷத்தால் வம்பும் வரும். எறும்புகளையே விரும்பித் தின்னும் குதிக்கும் சிலந்திகள் உண்டு. அவற்றின் கண்ணில் பட்டால் எறும்பு வேஷமே எமனாகிவிடும். அப்போது எறும்பு வேஷம் போட்ட சிலந்தி என்ன செய்யும்? சோதனைகளில் கண்டது இது: பதுங்கி வரும் எதிரிக்கு நேராகத் திரும்பி, சிலந்திகள் ஒன்றையொன்று மிரட்டும் பாணியில் கால்களை விரித்துக் காட்டும். எந்த எறும்பும் அப்படிச் செய்வதில்லை. வந்தது பெரும்பாலும் பின்வாங்கிவிடும்.