அகன்ற டயரும் ஏரிக்கரையும்

திருவள்ளூர் மாவட்டத்தில் தார் காணாத பாதைகளுக்குக் குறைவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவை போக ஊருக்கு ஊர் பாசன ஏரிகள். ஏரி இருந்தால் கரை இருக்கும், கரைமேல் ஒரு தடம் இருக்கும், மதகருகே இறங்கினால் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம்கூட, தொழிற்சாலைகளின் மதில்களைத் தாண்டிவிட்டால் சரளையும் செம்மண்ணுமான ஊர்ப்பாதைகள் வந்துவிடுகின்றன. இவற்றில் அவசரமில்லாமல் போய்வர ஏற்ற வண்டி, சைக்கிள் கடைகளில் எம்.டி.பி. என்று சொல்லி விற்கப்படும் மலைச் சைக்கிள். மலையே இல்லாத சமவெளியில் இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள்.

அது பிறந்தது என்னவோ மலையில்தான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பைஸ் மலையைச் சுற்றியிருந்த இளைஞர்கள் சிலர் 1930, 40களில் செய்த கனத்த பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கி மண்பாதைகளில் இறக்கத்தில் ஓட்டினார்கள். புதிய பந்தய சைக்கிள்களை விட்டுவிட்டுப் பழையவற்றை எடுத்ததற்குக் காரணம் அவற்றின் பருத்த டயர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஓர் இறக்கம் முடிவதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும், மறுபடி அடைத்தாக வேண்டும். 1976இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிதாகச் சட்டகம் செய்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டி தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

அந்தப் பழைய வண்டிகளில் பின்னர் கியர் சேர்ந்தது, நல்ல பிரேக் சேர்ந்தது, ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் சேர்ந்தது. டயர் மட்டும் அகலமாகவே நின்றது. எம்.டி.பி.யின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். சரியாகச் சொன்னால், அந்த டயருக்குள் இருக்கும் காற்றில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 80 கிலோ. இதில் ஏறத்தாழ 48 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அதாவது சதுர செ.மீ.க்கு 3.5 கிலோ அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 14 சதுர செ.மீ. காற்றை 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் அதே பரப்பு 23 சதுர செ.மீ. ஆகிறது. எடையில் மாற்றமில்லை. ஆனால் அது அதிக இடத்தில் பரவுவதால் சக்கரம் மணலில் புதைவது குறைகிறது, சரளையில் வழுக்குவது குறைகிறது.

இன்னொரு ஆதாயமும் உண்டு, அதைப் பலர் நம்புவதில்லை. கெட்டியாகக் காற்றடித்த டயர் ஒரு கூழாங்கல்லில் ஏறினால் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து மேலே தூக்கப்படுகிறார்கள். கல்லுக்குக் கல் இப்படி 80 கிலோவைத் தூக்கிப்போடும் வேலை நம் கால்களிலிருந்துதான் போகிறது. இளகிய டயரோ கல்லைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறது. அதனால் மண்பாதையில் காற்றைச் சற்றுக் குறைத்தவர்தான் சுலபமாகப் போகிறார். நல்ல தார்ச்சாலையில் கதை வேறு, அங்கே கெட்டியான டயருக்கே நன்மை அதிகம். பஞ்சர் கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கல்போல நிரப்பித் தருவது சாலைக்கான பழக்கம். ஏரிக்கரைக்குப் போகிறவர் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போக வேண்டும். மிகவும் இறக்கினாலும் கெடுதல்தான். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும்.

சக்கரத்தின் விட்டத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. எம்.டி.பி. நெடுங்காலம் 26 அங்குலச் சக்கரத்தில் ஓடியது, அதன் ரிம் விட்டம் 559 மி.மீ. பிறகு 29 அங்குலம் வந்தது, அதற்கு 622 மி.மீ. பெரிய சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்காது, கல்லின் மேலும் சாய்வாக ஏறும் என்று அதைக் கொண்டாடினார்கள். நம் பால்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய 28 அங்குலச் சைக்கிளின் ரிம் விட்டமோ 635 மி.மீ! குண்டும் குழியுமான பாதையில் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டு அந்த வண்டி தாக்குப்பிடித்ததற்கு இந்தப் பெரிய சக்கரமும் ஒரு காரணம்.

அதனிடம் இல்லாதது இறங்கிய கியர். முன்பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள சாதா சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதரையில் நல்லது. ஏரிக்கரையின் சரிவில் ஏற இறங்கித் தள்ளத்தான் வேண்டும். எம்.டி.பி.யில் முன்னும் பின்னும் 28 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான், மிதி இலகுவாகிவிடும். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுவது முக்கியம். பாதி ஏற்றத்தில், முழு பலமும் செயின்மேல் இருக்கும்போது மாற்றினால் அது பல்லில் உட்காராமல் நழுவும்.

ஸ்பிரிங்கைப் பற்றி என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். விலை குறைந்த வண்டிகளில் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்து விற்பதை வாங்காதீர்கள். மிதிக்கும் விசையில் ஒரு பகுதியை அது குடித்துவிடும், எடை கூடும், இணைப்புகளில் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும். சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போய்வரும் தொழிலாளிக்கு அது தினமும் வீண் உழைப்பு. நம் பாதைகளுக்கு முன்ஃபோர்க்கில்கூட ஸ்பிரிங் கட்டாயமில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல டயரும் நல்ல பிரேக்கும் கேளுங்கள்.

இந்த வண்டியின் உறுப்புகளுக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் வளர்ந்தது. சட்டகத்துக்கான எஃகுக் குழாய்கள் ஆவடியில் தயாராயின. எஃகுத் தகட்டை நீளவாக்கில் வளைத்து, விளிம்புகளை மின்சாரச் சூட்டில் ஒட்டிச் செய்யும் குழாய் அது. செயின் தொழிற்சாலையும் அம்பத்தூரிலேயே அமைந்தது. தொண்ணூறுகளில் ஹெர்குலிஸ் எம்.டி.பி. பள்ளி மாணவர்களின் கனவாக இருந்த காலத்தில், அந்தக் கனவுக்கான இரும்பு இந்தப் பகுதியில்தான் உருண்டு திரண்டது.

எங்கே ஓட்டுவது? எனக்குப் பிடித்த நிலப்பகுதி பூண்டியைச் சுற்றியது. 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கத்துக்கு மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து அல்லிக்குழிக் குன்றுகளாகிறது. அங்குள்ள குடியம் குகைகளை நோக்கிப் போகும் காட்டுப்பாதை முழுக்க உருண்ட குவார்ட்சைட் கற்கள். இந்தக் கல்லைத்தான் ஆதிமனிதர்கள் கைக்கோடரியாகச் செதுக்கினார்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அப்படிப்பட்ட கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே நடத்திய அகழாய்வு, மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் காட்டியது. காலடியில் கிடக்கும் கல்லை எடுத்துப் பார்க்கலாம், பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. குடியம் பகுதி காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதியும் தேவை. பூண்டியிலுள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் கண் பழகிவிடும்.

இப்படிப்பட்ட பாதைகளில் ஓட்டுவதற்குச் சில நெறிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1955இலேயே கரடுமுரடான கிராமப் பாதைகளில் ஓட்டுவதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது. 1968இல் வந்த நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை நமக்கும் பொருந்தும். ஏரிக்கரையில் ஆட்டுமந்தை எதிரே வந்தால் இறங்கி நில்லுங்கள். பாதையோரம் நெல் காயப்போட்டிருந்தால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைமேல் ஓட்டவே வேண்டாம். ஊறிய மண்ணில் டயர் பதிக்கும் தடம் வாய்க்காலாகிவிடும், அடுத்த மழை அதன் வழியே ஓடிக் கரையை அரிக்கும். களிமண் மட்கார்டில் அடைத்துச் சக்கரமும் சுற்றாது. தை பிறந்து மண் இறுகிய பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னான காலைதான் ஏற்ற பொழுது. எந்த மாதமானாலும் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். மாற்று டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்பு மூன்றும் பையில் இருக்கட்டும். பஞ்சரானதும் அவசரப்பட்டுப் புது டியூபைப் போட்டுவிடாதீர்கள். டயரின் உட்பக்கத்தை மெதுவாக விரலால் தடவி, முறிந்து நிற்கும் முள்நுனியைப் பிடுங்கிய பிறகு மாட்டுங்கள்.