கால் நொடியில் வரும் பந்து

30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடும்படி நண்பனிடம் சொல்லுங்கள். கீழே, பூஜ்யத்துக்கு நேராக, உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்கேலைத் தொடாமல் காத்திருக்கட்டும். அவன் சொல்லாமல் கொள்ளாமல் கையை விடுவான். நீங்கள் சட்டென்று பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால், கண் பார்த்து, மூளை கட்டளையிட்டு, விரல் மூட சுமார் 0.2 நொடி ஆகியிருக்கிறது. ஸ்கேல் முழுவதும் நழுவிவிட்டதா? அப்படியானால் கால் நொடி போய்விட்டது.

அந்தக் கால் நொடிதான் ஹேண்ட்பால் கோல்கீப்பரின் பிரச்சினை. அதைப் பார்க்க ஸ்லோவாக்கியாவின் கிழக்குப் பகுதியில் உள்ள பிரெஷோவ் நகரத்துக்குப் போவோம். அங்கே 1952-இல் தொடங்கிய டாட்ரான் பிரெஷோவ் என்ற ஹேண்ட்பால் அணி இருக்கிறது. செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் ஒரே நாடாக இருந்த காலத்திலேயே, 1969-லும் 1971-லும், செக்கோஸ்லோவாக்கியாவின் சாம்பியன் பட்டத்தை வென்ற அணி அது. 1993-இல் ஸ்லோவாக்கியா தனி நாடானது. 2000-களின் நடுவிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் உள்நாட்டுக் கோப்பை பச்சை வெள்ளைச் சட்டைக்காரர்களான இவர்களிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஹேண்ட்பால் மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஓர் அணிக்கு ஏழு பேர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஆண்கள் ஆடும் பந்தின் எடை 425 முதல் 475 கிராம் வரை. பெரிய தவறு நடந்தால் 7 மீட்டர் கோட்டிலிருந்து ஒரு வீச்சு கொடுப்பார்கள். எறிபவருக்கும் கோலுக்கும் நடுவில் கோல்கீப்பர் ஒருவர்தான். தேர்ந்த வீரர் எறிந்தால் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதாவது நொடிக்கு 27.8 மீட்டர். 7-ஐ 27.8-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 0.25. ஸ்கேல் உங்கள் விரலிடையே முழுதாக விழுந்து முடிக்கும் அதே கால் நொடி!

ஸ்கேலுக்கு விரலை மூடினால் போதும். கோல்கீப்பரோ காலைத் தூக்க வேண்டும், கையை நீட்ட வேண்டும். பந்தைப் பார்த்த பிறகு கிளம்பினால் எப்படிப் போய்ச் சேர முடியும்?

ஒரு வழி, முன்னே வருவது. 7 மீட்டர் வீச்சின்போது கோல்கீப்பர் 4 மீட்டர் கோடு வரை வரலாம். அவர் கோலை விட்டு 2 மீட்டர் முன்னே வந்தால் எறிபவருக்கும் அவருக்கும் இடைவெளி 5 மீட்டர். கணக்கில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் இங்கே கைகொடுக்கின்றன: அவர் காக்க வேண்டிய அகலம் 3 மீட்டரிலிருந்து 3 × 5 ÷ 7, சுமார் 2.14 மீட்டராகக் குறைகிறது. ஆனால் பந்து அவரை எட்டும் நேரமும் 0.18 நொடியாகச் சுருங்குகிறது. தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடும் ஆபத்து வேறு. இடத்தைச் சேமித்தால் நேரம் போகிறது, நேரத்தைக் காத்தால் இடம் திறந்துகொள்கிறது. எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த கணக்கு இது.

இன்னொரு வழிதான் உண்மையான வித்தை. மறுபடி ஸ்கேலை எடுங்கள். இந்த முறை ஸ்கேலைப் பார்க்காமல் நண்பனின் விரல்களைப் பாருங்கள். விடுவதற்கு முன் அவனுடைய கட்டைவிரல் லேசாக அசையும். அதைக் கண்டுகொண்டால் சீக்கிரமே பிடித்துவிடுவீர்கள். கோல்கீப்பர் செய்வதும் இதுவே. எறியும் வேகம் கையில் மட்டும் பிறப்பதில்லை. முதலில் ஊன்றிய கால், பிறகு இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு என்று, சாட்டையைச் சொடுக்கும்போது வேகம் நுனிக்கு ஓடுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறிப் போகிறது. இடுப்பு திரும்பும்போதே பந்து போகும் திசையைப் பற்றிய செய்தி உடம்பில் தெரிய ஆரம்பிக்கிறது. எறியும் காட்சியைக் காணொளியில் காட்டி, பந்து கையை விடும் கணத்தில் படத்தை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். பந்து எங்கே போகும் என்று புதியவர்களைவிட அனுபவசாலிகள் சரியாகச் சொல்கிறார்கள்.

எறிபவர்கள் சும்மா இருப்பார்களா? விரல்களில் பிசின் தடவிக்கொள்கிறார்கள். ஷூவின் பின்பக்கத்தில் கொஞ்சம் அப்பி வைத்து, ஓடும்போதே தொட்டுக்கொள்பவர்கள்கூட உண்டு. பந்து ஒட்டிக்கொள்வதால் ஒரே கையில் பிடித்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டை மட்டும் திருப்பித் திசையை மாற்றலாம். இடுப்பு ஒரு பக்கம் சொல்லும், பந்து மறுபக்கம் போகும். இடக்கைக்காரர்கள் எறிந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. எண்ணிக்கையில் குறைவான அவர்களைப் பார்த்துப் பழக வாய்ப்பும் குறைவு.

ஆக, இந்தக் கலையைப் பழகத்தான் வேண்டும். பழக, வேகமாகவும் தந்திரமாகவும் எறிபவர்கள் எதிரே வேண்டும். டாட்ரான் பிரெஷோவ் உள்நாட்டுப் போட்டிகளோடு நின்றுவிடாமல், செஹா என்ற தென்கிழக்கு ஐரோப்பிய லீகிலும் பல ஆண்டுகள் ஆடியது. 2017-லும் 2019-லும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகையே வென்ற வார்தார் என்ற அணி ஆடிய லீக் அது. ஹங்கேரியின் வெஸ்ப்ரேம், குரோஷியாவின் ஸாக்ரெப் போன்ற பெரிய அணிகளும் அதில் இருந்தன. அங்கே பிரெஷோவுக்குத் தோல்விகளும் நிறைய கிடைத்தன. உள்ளூரில் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி, தோற்க வாய்ப்புள்ள களத்தைத் தேடிப் போனது எனக்கு மிகச் சரியான முடிவாகத் தோன்றுகிறது. அவர்கள் கோல்கீப்பர்களின் கண்ணுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

ஹேண்ட்பால் ஆட்டத்தின் காணொளி எப்போதாவது கிடைத்தால், 7 மீட்டர் வீச்சில் பந்தைப் பார்க்காதீர்கள். கோல்கீப்பரின் கால்களை மட்டும் பாருங்கள். பந்து எதிராளியின் கையை விட்டுக் கிளம்பும் முன்பே எந்தக் கால் அசைகிறது என்று நண்பனோடு சேர்ந்து குறித்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் போனது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.