கொல்லைக் கதவு சொன்ன ரகசியம்!

எங்கள் அப்பாவைக் கணக்கில் யாரும் மடக்க முடியாது. கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் கேஷியர். ரிட்டயரான பிறகும் வீட்டுச் செலவை நயா பைசா விடாமல் நோட்டில் எழுதுவார். நான் பி.காம். சேர்ந்ததே அவருடைய மிரட்டலில்தான். (படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதப் போன என்னை இன்றுவரை 'வாராக் கடன்' கணக்கில்தான் வைத்திருக்கிறார்!)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த நோட்டைச் சும்மா புரட்டினேன். ஒரே நாளில் 'பால் 48 ரூபாய்' மூன்று தடவை. மறுநாள் பாலே இல்லை. அதற்கடுத்த பக்கத்தில் தேதியே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"அம்மா, அப்பாவுக்கு என்ன?"

"என்ன? வயசாச்சு. உனக்கு மட்டும் ஞாபகம் இருக்கா? போன வாரம் போன் பண்றேன்னியே... பண்ணினியா?"

தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் மூன்று வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டத்தை அருமையாகப் போட்டார். ஆனால் பன்னிரண்டு எண்களும் வலது பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சொன்ன மூன்று வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டிமென்ஷியா... ஆரம்ப நிலை" என்றார். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் எங்கள் கேஷியரும் ஒருவர்.

"ராத்திரி எப்படித் தூங்கறார்?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லாத் தூங்கறார்" என்றாள் அம்மா. டாக்டரும் எழுதிக்கொண்டார்.

நான் இருப்பது சென்னையில். அக்கா கோயம்புத்தூரில். என்ன செய்வது? எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். கூடத்தில் ஒரு கேமரா மாட்டினேன், அப்பாவிடம் சொல்லாமலே. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"பேங்க்ல கேமரா வச்சது கேஷியரைப் பார்க்க. வீட்லயும் என்னைப் பார்க்கவா?" என்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். அடுத்த ஒரு வாரம் என் செல்போனில் நான் பார்த்ததெல்லாம் அந்தத் துண்டின் கட்டங்கள்தான். அவர் கேட்டது நியாயம் என்று எனக்கே பட்டது. கழற்றிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 1996-ல் டோக்கியோவில் வயதான ஒரு தாயும், நோயாளியான மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்து, பல நாள் யாருக்குமே தெரியாமல் போனது. அந்தச் செய்தி உலுக்கியதில் பிறந்தது ஒரு வெந்நீர்க் கெட்டில்! ஸோஜிருஷி என்ற கம்பெனி 2001-ல் கொண்டு வந்தது. பாட்டி டீ போட வெந்நீர் பிடித்தால், வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் போய்விடும். படம் கிடையாது, பேச்சு கிடையாது. 'அம்மா இன்றைக்கு டீ குடித்தாள்.' அவ்வளவுதான். அது போதாதா?

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தனியாக வாழும் எழுபது வயது தாண்டிய 93 பேரின் வீட்டு உத்தரத்தில் சின்னச் சின்ன உணர்கருவிகளைப் பொருத்தி, அவர்கள் வீட்டுக்குள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று மூன்று வருஷம் அளந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. மூளையில் லேசான தடுமாற்றம் தொடங்கியவர்களின் நடை, மற்றவர்களின் நடையிலிருந்து வேறுபட்டது. டாக்டர் முன்னால் பத்து நிமிஷம் யார் வேண்டுமானாலும் விறைப்பாக நடந்து காட்டிவிடலாம். வீட்டில் தினம் நடப்பதில்தான் குட்டு வெளிப்படுகிறது.

உத்தரத்தில் கருவி மாட்ட எனக்கு வசதி இல்லை. கதவில் ஒட்டுகிற சென்சார் வாங்கினேன். பிரமாதமான விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ஸ்விட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும். ஸ்விட்ச், வைஃபை மூலம் 'திறந்தது, மணி இத்தனை' என்று என் போனுக்குச் சொல்லும். இந்தத் தடவை அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினேன்.

கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் என்ட்ரி விழுமா?"

"விழும்ப்பா."

"அப்ப சரி."

வாசல் கதவு, கொல்லைக் கதவு, பிரிட்ஜ், மாத்திரை அலமாரி என்று நாலு இடத்தில் ஒட்டினோம். எங்களுடையது பழைய வீடு. பாத்ரூம் கொல்லையில். கதவைத் திறக்காமல் அங்கே போக முடியாது.

முதல் வாரம் ஆசையாகப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது 'டிங்'! எந்த மனிதனால் தாங்க முடியும்? வாசல் கதவுக்கு மட்டும் சத்தத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிட்டேன். வாங்கியவனே பார்க்காவிட்டால் அந்தக் கருவி எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

ஒரு நாள் ராத்திரி 2.15-க்கு வாசல் கதவு 'டிங்'கென்றது. பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். தூங்குகிறவள் முதல் மணியில் எடுப்பாளா?

"பேங்க்குக்கு நேரமாச்சுங்கறார்டா. வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், 'இன்னைக்கு ஞாயித்துக்கிழமை'ன்னு சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அன்று வியாழக்கிழமை.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"முன்னெல்லாம் எப்பவாவது ஒரு நாள். இப்பப் பத்து நாளா தினம்."

"டாக்டர்கிட்ட நல்லாத் தூங்கறார்னு சொன்னியேம்மா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "அத்தனை பேருக்கு முன்னாடி அவரை எப்படிடா விட்டுக்கொடுக்கறது?"

அன்று ராத்திரியே உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் தாளில் பத்தி பிரித்து எழுதினேன். பி.காம். முதல் தடவையாக உதவியது. முதலில் கொல்லைக் கதவு இரவில் இரண்டு அல்லது மூன்று தடவை திறந்திருக்கிறது. கடைசிப் பத்து நாளில் ஏழு, எட்டு, ஒன்பது! அத்தனை தடவையும் அம்மா எழுந்து கூடவே போயிருக்கிறாள். நான் கண்காணித்தது அப்பாவை. அகப்பட்டது அம்மா.

டாக்டர் அந்தத் தாளை நிதானமாகப் பார்த்தார். 'நோய் முற்றிவிட்டது' என்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். "முற்றுவதானால் மெதுவாக முற்றும். பத்தே நாளில் இப்படி ஏறினால் வேறு ஏதோ இருக்கு" என்று சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். சிறுநீரில் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல், தொற்று வெறும் குழப்பமாகவே வெளிப்படலாமாம். தண்ணீர் போதாவிட்டாலும், மலச்சிக்கல் இருந்தாலும், புது மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இதே கதைதான். மருந்து கொடுத்து இரண்டு வாரத்தில் கொல்லைக் கதவு பழையபடி இரண்டு, மூன்றுக்கு வந்தது. பேங்க் கிளம்புவதும் நின்றது. மறதி? அது அப்படியேதான் இருக்கிறது.

கருவியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். ஒரு ராத்திரி ஒரு கதவுகூடத் திறக்கவில்லை என்று அக்காவுக்குச் சந்தோஷமாகச் சொன்னேன். காலையில்தான் தெரிந்தது, ராத்திரி முழுக்க ஊரில் கரண்ட் இல்லையாம்! மாத்திரை அலமாரி தினம் எட்டு மணிக்கு டாண் என்று திறந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன அம்மா, மண்ணுக்குள்ளிருந்து பதினோரு மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்தாள். அலமாரி திறந்தது என்று அது சொல்லும். வாய்க்குள் போனதா என்று சொல்லாது. இப்போது அம்மாவே கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள்.

வாரத்தில் மூன்று ராத்திரி அத்தை மகன் வந்து கூடத்தில் படுத்துக்கொள்கிறான். அந்த மூன்று நாளும் அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். இப்படி ஆள் கிடைக்காதவர்கள், எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள், முதியோருக்கான இலவச உதவி எண் 14567-ல் கேட்டுப் பார்க்கலாம்.

அப்பா இப்போது தினமும் காலையில் எனக்குப் போன் செய்து, "நைட் எத்தனை என்ட்ரி?" என்று கேட்கிறார். நான் சொல்லச் சொல்ல, நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். நேற்று "மூணுப்பா" என்றேன்.

"தப்பு" என்றார். "அதில ஒண்ணு உங்கம்மா போனது. அதை என் கணக்குல எழுதாதே!"